பக்கத்து சீட்டு கிளட்ச்

பாஸாகிவிடுவாள், ஏன் ஆகமாட்டாள், நாகமணிக்கு என்ன குறைச்சல், கை நடுங்குவதில்லை, கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறாள், இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போட்டுவிட்டு முழிக்கிற கூத்தெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது, பாஸாகாமல் பின்னே என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வசந்தாமணி அன்று காலை காரின் இடது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளினாள். அது பழக்கம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் இவர் மிதித்துக் காப்பாற்றிவிடலாம். அந்தப் பெடலை வெறுங்காலால் தொட்டால்தான் வண்டி என்ன நினைக்கிறது என்று தெரியும் என்பது அவள் கட்சி. வலது பக்கம் நாகமணி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருவதற்கு முன்னாலும் அப்படித்தான் தொட்டுக் கும்பிடுவாளாம், சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு லைசென்ஸ் டெஸ்ட். கும்பிடட்டும், எல்லாச் சாமியும் கூட வரட்டும், பின் சீட்டு காலியாகத்தானே கிடக்கிறது.

மத்தியானம் காங்கயத்துக்காரர் வந்துவிடுவார். இந்த ஒரு நினைப்பு மட்டும் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து காலில் இடறுகிறது. அவருக்கு இந்த வண்டி வேண்டும். வாடகைக்கு ஓட்டப் போகிறாராம். லோகநாதன்தான் எங்கேயோ பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். புருசனைக் குற்றம் சொல்ல முடியாது, சாயப்பட்டறையில் பிட்டர் வேலை, இப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான், சும்மா இருக்க முடியாமல் கெட்டுப்போகாத மிக்சியைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறான். ஊரே அப்படித்தான் கிடக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஆர்டரை நிறுத்திவிட்டான் என்று ஒருத்தர், நூல் விலை என்று ஒருத்தர், எல்லாம் சேர்ந்துதான் என்று இன்னொருத்தர். காரணம் எதுவாக இருந்தால் என்ன, திருப்பூரில் மிஷின் சத்தம் குறைந்துபோனால் டீக்கடை பாய்லரிலிருந்து டிரைவிங் ஸ்கூல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சளி பிடித்துக்கொள்ளும். காங்கயத்துக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், நல்லாத்தான் வெச்சிருக்கீங்க அம்மணி என்றார், அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார், இந்தப் பக்கத்துப் பெடல் ரெண்டையும் கழட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று. அதைக் கேட்டதும் வசந்தாமணிக்கு யாரோ தன் பல்லைப் பிடுங்கச் சொன்னது போல இருந்தது. நேற்றுச் சாயங்காலம் லோகநாதனிடம் அவள் ஒரு கணக்குச் சொன்னாள்: நாகமணி பாஸாகிவிட்டால் வண்டி நம்முடையது, பெயிலாகிவிட்டால் கொடுத்துவிட்டுப் போர்டையும் இறக்கிவிடலாம். அவன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பார்த்தான். ஒரு புள்ளைய நம்பியா என்று கேட்டான். ஆமா என்றாள். வேறு யாரை நம்புவது, கையில் இருப்பது அவள் ஒருத்திதானே.

நாகமணி கிளம்பினாள். பர்ஸ்ட் போட்டு, கண்ணாடி பார்த்து, மெல்ல. வண்டி குலுங்காமல் தெருமுனை தாண்டி மெயின் ரோட்டில் ஏறியது. பரவாயில்லையே என்று வசந்தாமணி வாய்க்குள் சொன்னாள். ரோட்டோரத்தில் வரிசையாகக் கம்பெனிகள், ஷட்டர் பாதி இறங்கினதும் முழுசாக இறங்கினதுமாய். முன்னெல்லாம் இந்நேரத்துக்கு இந்த ரோட்டில் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ரோட்டை அடைத்துக்கொண்டு போவார்கள், ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார்கள், பேச்சு சுவாரசியம் அப்படி. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் டிரைவிங் ஸ்கூல் கடை வாசலில் கூட்டம். கட்டிங் மாஸ்டர், பிரிண்டிங் பையன்கள், புதுசாகக் கார் வாங்கின ஜாப் ஒர்க் முதலாளி, அவர் பெண்சாதி, எல்லாரும் ஒரே பெஞ்சில். அப்போது இரண்டு வண்டி. ஒன்றில் அவள், இன்னொன்றில் சம்பளத்துக்கு ஒரு ஆள். பெண்பிள்ளை என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறது என்று வந்தவர்கள்கூட இரண்டு கிளாஸ் தாண்டினதும் அக்காவே வரட்டும் என்று கேட்டு உட்காருவார்கள். சொந்தக்காரர்கள் சும்மா இருந்தார்களா, இந்த வயசில் சுடிதாரும் அவளும் என்று கல்யாண வீட்டில் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவரவர் மருமகளை அவளிடமே அனுப்பி வைத்தார்கள். இரண்டாவது வண்டி போன வருசம் போயிற்று. ஓட்டின ஆளும் ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் இப்போது பக்கத்து மாவு மில்லுக்கு வருகிறவர்கள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு உட்காருகிறார்கள். உட்காரட்டும், பெஞ்சு தேய்ந்தா போகும்.

மாடு ஒன்று குறுக்கே வந்தது. நாகமணி பிரேக் போட்டாள், மாடு யோசித்துவிட்டுப் போயிற்று, வண்டி திரும்பக் கிளம்பியது. நிற்கிற இடமெல்லாம் நல்லாத்தான் நிறுத்துகிறாள். பாஸாகிவிடுவாள். ஒரு டாக்டரம்மாவுக்கு வீட்டு வண்டி ஓட்டப் பெண் டிரைவர் வேண்டுமாம், லைசென்ஸோடு வா என்று நாகமணியிடம் சொல்லியிருக்கிறாராம். கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டின கை, கம்பெனியை மூடின அன்றைக்கு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக வசந்தாமணி கடை வாசலில் வந்து நின்ற பெண். அவளும் பெயிலாகிவிட்டால்? வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்கிறபோதே மெர்சி டீச்சர் முகம் வந்து நிற்கிறது. பாலர் பள்ளி டீச்சர், அவ்வளவு அழகாக ஓட்டினாள், டெஸ்ட்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னதும் கிளட்சைப் படக்கென்று விட்டு வண்டியை ஆஃப் பண்ணிவிட்டாள், ஒரு தடவை இல்லை, போட்டுப் போட்டு ஆஃப். அவளுக்கப்புறம் ரகீம் பாய், பட்டன் கடைக்காரர், பெரிய மனுசர், அவரும் அதே மேட்டில் அதே மாதிரி. எல்லாம் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க அந்தப் புது பிரேக் இன்ஸ்பெக்டர் வந்த வேளை. முன்னால் இருந்தவர் மைதானத்தில் நின்றுகொண்டு பார்ப்பார், வசந்தாமணி வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இவர் அப்படி இல்லை. நீங்க எறங்கிக்கோங்கம்மா என்று சொல்லிவிட்டுத் தானே அந்தச் சீட்டில் ஏறி உட்காருகிறார், காலை நீட்டித் தரையில் வைத்துக்கொண்டு பெடல் பக்கமே போவதில்லை. அவர் மூஞ்சியைப் பார்த்தே பயந்திருப்பார்கள் என்று வசந்தாமணி சொன்னாள். மெர்சியிடமும் அதையேதான் சொன்னாள், பயந்துட்டீங்க டீச்சர், பயம்தான். மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள்? ரகீம் பாய் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடைவீதியில் சொல்லிவிட்டார், அந்தம்மாகிட்டப் போனா இப்பெல்லாம் பெயிலுதான் என்று. டிரைவிங் ஸ்கூலுக்கு விளம்பரம் என்பது பாஸானவர்கள் வாய்தான். அந்த வாயும் போயிற்றென்றால் அப்புறம் போர்டு மட்டும் தொங்கி என்ன ஆகப் போகிறது.

சிக்னல் விழுந்தது. முன்னால் ஒரு மினி லாரி, பின்னால் ஒரு ஆட்டோ, பக்கத்தில் இடுக்கில் புகுந்த பைக்குகள். பச்சை வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. நாகமணி அவசரத்தில் கிளட்சிலிருந்து காலைப் படக்கென்று எடுத்துவிட்டாள். வசந்தாமணிக்கு அது நன்றாகத் தெரிந்தது, முட்டி ஏறின வேகத்திலேயே தெரிந்தது, சரி ஆஃப் ஆகப் போகிறது, பின்னால் ஆட்டோக்காரன் கத்தப் போகிறான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆஃப் ஆகவில்லை. வண்டி எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. நாகமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வண்டி இன்னைக்கு நம்ம பேச்சைக் கேக்குதுங்க்கா என்றாள். கேட்கத்தான் செய்கிறது, யார் பேச்சை? வசந்தாமணி குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கால் கிளட்ச் மேல் இருந்தது. சும்மா தொட்டுக்கொண்டு இல்லை. பாதி மிதித்து, பிடித்து, இப்போதுதான் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை அங்கே வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. அந்தக் கால் தன்பாட்டுக்குப் போய் தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது, முதலாளிக்குச் சொல்லாமல் ஓவர்டைம் பார்க்கிற ஆள் மாதிரி. அந்தப் பக்கம் நாகமணியின் பெடல் இவள் பிடித்த இடத்தில்தானே நிற்கும், அவள் காலை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன. மெர்சி சொன்னது இப்போது காதில் தெளிவாக விழுந்தது. உங்ககூட இருக்கப்ப ஆஃப் ஆவறதே இல்லீங்க்கா, அந்த சார் உக்காந்தாத்தான் ஆவுது. அடிப்பாவி வசந்தாமணி.

எப்போதிருந்து? அதுதான் பிடிபடவில்லை. டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எந்த வண்டியில் ஏறினாலும் கால் தரையில் பிரேக் தேடும், அது அவளுக்கும் இருக்கிறது, பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரர் முதுகில் இடிக்கும், தூக்கத்தில் லோகநாதனை மிதித்துத் தள்ளி அவன் சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்வான், அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். இது அது இல்லை. கிளட்ச் விசயத்தில் அவளுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. ஆரம்பக் கிளாஸ்கள் தாண்டினால் தொட மாட்டாள். ஆஃப் ஆகட்டும் என்பாள், நடு ரோட்டில் ஆகட்டும், நாலு பேர் திட்டட்டும், அப்பத்தான் கால் கத்துக்கும் என்பாள். அந்த வசந்தாமணி எங்கே போனாள்? புதூர்ப் பிரிவில் ஒரு பையன் ஆஃப் பண்ணி வண்டி பின்னால் நகர்ந்து டெம்போவில் இடித்ததே, அன்றைக்கா? பம்பர் நசுங்கி, சரி பண்ணுவதற்குக் காசில்லாமல் கயிறு கட்டிக்கொண்டு ஓட்டினாளே, அப்போதா? இல்லை, ஒரு அம்மா இரண்டு தடவை ஆஃப் ஆனதும் எனக்கு வராதுங்க என்று இறங்கிப் போய் மறுநாள் வரவே இல்லையே, அப்போதா? இருக்கிற ஒரு ஆளும் பயந்து ஓடிவிடக் கூடாது, இருக்கிற ஒரு வண்டியும் அடிபட்டுவிடக் கூடாது, இருக்கிற ஒரு பேரும் கெட்டுவிடக் கூடாது. வீட்டில் சிரித்துப் பேசினாள், கடையில் எல்லாம் சரியாயிடும் என்று மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னாள், வாய் பொய் சொல்லிற்று, முகம் பொய் சொல்லிற்று, அந்தப் பயம் போக வேறு இடமில்லாமல் காலில் இறங்கிவிட்டது. ஓட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டு அத்தனை பேரும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், ஓட்டினது என்னவோ அவள். ஒருத்தரையும் ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. ஆனாலும் ஆசையாகக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குக் கால் வராமல் போயிற்று. ரகீம் பாய் சொன்னதில் தப்பே இல்லை, அவளிடம் போனால் பெயில்தான்.

காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று எடுத்துத் தரையில் வைத்தாள். அடுத்த வேகத்தடையில் அது திரும்பப் பெடலுக்குப் போய்விட்டது. எடுத்தாள், போயிற்று. சனியன், சொன்ன பேச்சைக் கேட்கிறதா பார். டெஸ்ட் கிரவுண்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். நடுவில் ரயில்வே மேம்பாலம். இதைச் சொல்லாமலே இருந்துவிடலாமா? டெஸ்ட்டுக்குப் போகிற நேரத்தில் சொன்னால் இருக்கிற தைரியமும் போய்விடாதா? மைதானத்து மேட்டில் நாகமணிக்கு முதல் தடவையாகக் கிளட்ச் தனியாகக் கையில், காலில், கிடைக்கும், பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர், அதே மேடு, அதே ஆஃப், அப்புறம் டாக்டரம்மா வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார், காங்கயத்துக்காரர் சாவியை வாங்கிக்கொள்வார். சொன்னால் மட்டும் என்ன? இந்தத் துளி நேரத்தில் கால் கற்றுக்கொண்டுவிடுமா? கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் பாலம் ஒன்று இருக்கிறது. பாலத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் பாலமாவது அவளுக்குக் கிடைக்கும். பாலத்து ஏற்றத்தில் காலை நேரத்தில் எப்போதும் வண்டி நின்று நின்றுதான் போகும். வசந்தாமணி சீட்டைப் பின்னால் தள்ளினாள். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கிப் போட்டு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாகமணி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, என்னுங்க்கா கால் வலிக்குதுங்களா என்று கேட்டாள்.

"நாகமணி, ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே கேளு. இத்தன நாளா கிளட்ச் முக்கால்வாசி நான் மிதிச்சிட்டிருந்திருக்கறேன். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. நீ தப்பா ஓட்டல. உனக்கு நான் விடவே இல்ல."

நாகமணி ரோட்டையே பார்த்து ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனார்கள். கோபப்படுகிறாளா, அழப் போகிறாளா, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போகப் போகிறாளா ஒன்றும் தெரியவில்லை, பக்கவாட்டில் பார்க்கத் தாடை மட்டும் இறுகியிருந்தது. எதிரே பாலம் எழுந்து நின்றது. நினைத்த மாதிரியே ஏற்றத்தின் பாதியில் வண்டிகள் தேங்கியிருந்தன. நாகமணி நிறுத்தினாள். பின்னால் ஒரு டவுன் பஸ் மூச்சு விட்டுக்கொண்டு வந்து ஒட்டி நின்றது, கண்ணாடி முழுக்க பஸ்ஸின் மூஞ்சிதான். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. நாகமணி காலை எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆயிற்று. பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. மறுபடி ஸ்டார்ட், மறுபடி குதி, மறுபடி ஆஃப், இந்தத் தடவை ஒரு சாண் பின்னால் வேறு நகர்ந்தது. வசந்தாமணியின் கால் மடிக்குள் துடித்தது. சுடிதார்த் துணியோடு சேர்த்துப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கைப்பிரேக் பக்கத்திலேயே இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் இழுத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, காலை நீட்டாதே, பம்பர் போனால் போகட்டும், மத்தியானம் வருகிறவர் பார்த்து மூஞ்சியைச் சுளித்தால் சுளிக்கட்டும். பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து என்னவோ திட்டினான். நாகமணி கைப்பிரேக்கைத் தானே இழுத்தாள். நல்ல பிள்ளை. இழுத்துவிட்டு, குனிந்து, இடது கால் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள். வெறுங்காலைக் கிளட்ச் மேல் வைத்து, ஸ்டார்ட் பண்ணாமலே ஒரு தடவை முழுசாக மிதித்து, மெல்ல, வெகு மெல்ல மேலே விட்டுப் பார்த்தாள்.

"இப்பத்தானுங்க்கா இதோட கனமே தெரியுது" என்றாள்.

அப்புறம் அவள் செய்ததை வசந்தாமணி சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணினாள், பர்ஸ்ட் போட்டாள், கிளட்சை விட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கிற்று, இன்ஜின் சத்தம் கட்டையாகிற்று. அந்த இடம்தான். அந்த இடத்தைத்தான் வாயால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. பனியனில் கழுத்துப் பட்டி ஏத்தறப்ப மிஷின் பெடல இப்படித்தானுங்க புடிச்சு நிப்போம், ஒரு தையல் ஒரு தையலா ஓட்டோணும் என்று நாகமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கைப்பிரேக்கை இறக்கினாள். வண்டி பின்னால் நகரவில்லை. முன்னாலும் நகரவில்லை. ஏற்றத்தில் அப்படியே நின்றது. அப்புறம் நகர்ந்தது. நாலடி போய் நின்றார்கள், மறுபடி எடுத்தாள், ஒரு தடவை ஆஃப் ஆயிற்று, எடுத்துவிட்டாள், மறுபடி நின்றார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்து அலுத்துப்போய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டான். வசந்தாமணி காலை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். உச்சிக்கு வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தாள். இந்தப் பாலத்தில் எத்தனை முறை போயிருப்பாள், ஒரு நாளாவது இப்படி வேடிக்கை பார்த்திருப்பாளா? கீழே தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று நின்றது. ஒரு மொட்டை மாடியில் யாரோ சாயம் போட்ட புதுத் துணியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள், ஆரஞ்சு நிறம். யாருக்கோ ஒரு சின்ன ஆர்டர் வந்திருக்கிறது. ஊர் முழுக்க இல்லை, ஒரு மாடியில் மட்டும். அந்த நிறத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது, ஏன் என்று தெரியாத சந்தோசம் இல்லை, ஏன் என்று நன்றாகத் தெரிந்தது. ஊர் கெட்டுக்கிடக்கிறது, அதற்கு அவளால் ஆவது ஒன்றுமில்லை, வெளிநாட்டுக்காரனிடம் போய்ச் சண்டை போடவா முடியும். ஆனால் மெர்சி பெயிலானதும் ரகீம் பாய் பெயிலானதும் ஊர் கெட்டதால் இல்லை, பிரேக் இன்ஸ்பெக்டராலும் இல்லை, இந்த இடது காலால். காலை மடக்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். மெர்சியைக் கூப்பிட வேண்டும், பாய் கடைக்கே போய் நடந்ததைச் சொல்லித் திரும்ப வாங்க என்று கூப்பிட வேண்டும், சிரிப்பார், சிரிக்கட்டும், வந்து உட்கார்ந்தால் போதும். இறக்கத்தில் வண்டி தானாகப் போகிற மாதிரிப் போயிற்று. டாக்டரம்மா வீட்டில் ஏ.சி. கார்தானாம் என்று நாகமணி பேச ஆரம்பித்திருந்தாள். கோபம் இல்லையா என்று வசந்தாமணி கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

டெஸ்ட் கிரவுண்டில் வேப்ப மரத்தடியில் நாலைந்து டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் நின்றன, முன்னெல்லாம் நிற்க இடம் இருக்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் பேரைக் கூப்பிட்டார், வசந்தாமணியைப் பார்த்து நீங்க எறங்கிக்கோங்கம்மா என்றார், அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அவள் இறங்கியிருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நாகமணி வெறுங்காலோடு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். வண்டி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் திரும்புகிற நேரத்தில் போன் அடித்தது. லோகநாதன். காங்கயத்துக்காரர் மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியாமல் இப்போதே வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறாராம், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறானாம், ஆளைக் காக்க வைப்பது நல்லா இல்லை என்கிறான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேட்டையே பார்த்தாள். தன் கால் இரண்டும் மண்ணில் சும்மா இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"புள்ள பாஸாயிட்டாளா?" என்று அவன் கேட்டான்.

"இன்னும் முடியல. வண்டி குடுக்கறதில்லைன்னு அவருகிட்டச் சொல்லிருங்க."

"பாஸானாத்தானே அப்படின்னு சொன்ன?"

மேட்டின் நடுவில் வண்டி நின்றது. எடுக்கச் சொல்லியிருப்பார். ஒரு குதி குதித்து ஆஃப் ஆயிற்று. மரத்தடியில் நின்றிருந்த மற்ற ஸ்கூல்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். சத்தம் போனில் அவனுக்கும் கேட்டிருக்கிறது, என்னாச்சு என்றான்.

"ஆஃப் ஆயிருச்சு."

"ஐயையோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன," என்றாள் வசந்தாமணி, "அவளே எடுப்பா."